ஊசி பிடிக்கும் கையும் தூரிகை பிடிக்கும் கையும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் விட்டியர் பூல்வார்ட் சாலையைப் பற்றி எழுதியிருந்தோம். வெளிநாட்டிலிருந்து வந்து அங்கே டாட்டூ கடைகளில் பிழைக்கிறவர்கள், வாரக் கடைசியில் 1960-களின் செவர்லே கார்களைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டும் லோரைடர் கூட்டத்தோடு எப்படி ஒட்டிக்கொண்டார்கள் என்பது கட்டுரையின் விஷயம். அதையொட்டி வந்த கடிதங்களில் கைவேலை சார்ந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம். பதில் எழுதியவர்கள் டாட்டூ, கார் பெயின்ட், சேசிஸ் வேலைகளை அன்றாடம் செய்கிறவர்கள்.

வாசகர், செரிடோஸ், கலிஃபோர்னியா: லோரைடர் காருக்கும் டாட்டூவுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? ஒரே தெருவில் இருந்ததால் ஒட்டிக்கொண்ட இரண்டு பொழுதுபோக்குகள்தானே?

பதில்: தொழில் முறையிலேயே தொடர்பு உண்டு. 1975-ல் சார்லி கார்ட்ரைட்டும் ஜாக் ரூடியும் விட்டியர் பூல்வார்டில் ‘குட் டைம் சார்லிஸ் டாட்டூலேண்ட்’ கடையைத் திறந்தார்கள். அப்போது கலிஃபோர்னியச் சிறைகளில் மெக்சிகோ வம்சாவளியினர் ஒரு முறையில் பச்சை குத்திக்கொண்டிருந்தார்கள். டேப் ரெக்கார்டர் மோட்டார், கூர் தீட்டிய கிடார் கம்பி, கறுப்பு மை. கம்பி ஒன்றுதான் என்பதால் கோடு மெல்லியது. நிறம் ஒன்றுதான் என்பதால் நிழலுக்கு மையைத் தண்ணீரில் கரைத்தார்கள். வெளியே வந்தவர்கள் அதே மாதிரி வேண்டும் என்று கேட்க, ஒற்றை ஊசி வேலையைக் கடை மிஷினுக்குக் கொண்டுவந்தார்கள் சார்லியும் ஜாக்கும். சிறையில் கற்ற ஃப்ரெடி நெக்ரெட்டேயும் பிறகு அங்கே சேர்ந்தார். கடைக்கு வெளியேதான் கார் ஊர்வலம். காரின் கூரையில் இருந்த ரோஜாவும் பெண் முகமும் எழுத்தும் கைக்கு வந்தன, கையில் இருந்தது காருக்குப் போனது. மிஸ்டர் கார்ட்டூன் என்ற பெயரில் புகழ்பெற்ற மார்க் மச்சாடோ, ஊசி எடுக்கும் முன்பே லோரைடர் கார்களில் ஏர்பிரஷ் ஓவியம் போட்டவர்.

முறையும் ஒன்றுதான். கார் பெயின்டில் ‘கேண்டி’ என்பது வெள்ளி அல்லது பொன் நிற அடிப்பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறத்தை மெல்லிசாகப் பல தடவை ஏற்றுவது. கறுப்பு–சாம்பல் டாட்டூவிலும் கரைத்த மையை அடுக்கடுக்காக ஏற்றித்தான் இருட்டைக் கொண்டுவர வேண்டும். ஒரே வீச்சில் முடிக்க நினைப்பவருக்கு இரண்டும் கெடும்.

ஒரு தகவலையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். காரின் எந்தப் பகுதியும் சக்கர ரிம்மின் அடி விளிம்புக்குக் கீழே இருக்கக் கூடாது என்று கலிஃபோர்னியா 1958-ல் சட்டம் போட்டது. 1959-ல் ரான் அகிரே தன் கார்வெட்டில் விமானத்திலிருந்து கழித்த, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பாகங்களைப் பொருத்தினார். போலீஸைக் கண்டால் கார் உயரும், போனதும் இறங்கும். இன்று ‘ஹைட்ராலிக்ஸ்’ என்று கொண்டாடுவதெல்லாம் அந்தச் சட்டத்துக்குக் கிடைத்த பதில். அந்தக் கட்டுப்பாட்டையும், ஊர்கள் கார் ஊர்வலத்துக்குத் தடை போடும் அதிகாரத்தையும் ஏபி 436 என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நீக்கிவிட்டது.

டாட்டூ கலைஞர், சென்னை: லாஸ் ஏஞ்சலஸில் ஒரு கடை என்னை இரண்டு மாதம் விருந்தினர் கலைஞராக அழைக்கிறது. சுற்றுலா விசா இருக்கிறது. போய்வரலாமா?

பதில்: அந்த விசாவில் போய் ஊசி பிடிக்காதீர்கள். கூலியை ரொக்கமாக வாங்கினாலும், டிப்ஸ் மட்டும் வாங்கினாலும் அது வேலைதான். ‘இந்தத் தேதி முதல் எல்.ஏ.வில் இருப்பேன், புக்கிங் திறந்திருக்கிறது’ என்று நீங்களே இன்ஸ்டாகிராமில் போடும் ஒரு பதிவு உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

டாட்டூக்காரர்கள் பெரும்பாலும் போகும் வழி ஓ-1பி. கலையில் தனித்து நிற்பவர் என்று காட்ட வேண்டிய விசா அது. பெரிய விருது இல்லாவிட்டால், சொல்லப்பட்ட ஆறு வகைச் சான்றுகளில் மூன்று தேவை: மதிப்புள்ள நிகழ்ச்சிகளில் முக்கியப் பங்கு, உங்களைப் பற்றி வெளிவந்த எழுத்து, பெயர்பெற்ற நிறுவனங்களில் முக்கியப் பங்கு, வணிக வெற்றி, துறை வல்லுநர்களின் அங்கீகாரம், துறையில் மற்றவர்களைவிட உயர்ந்த ஊதியம். நீங்களே உங்களுக்காக விண்ணப்பிக்க முடியாது. அமெரிக்காவில் உள்ள முதலாளியோ ஏஜென்டோ ஐ-129 படிவத்தைப் போட வேண்டும். அதோடு ஒப்பந்தம், வேலைத் தேதிப் பட்டியல், துறை சார்ந்தவரின் கருத்துக் கடிதம் மூன்றும் போகும். தொடக்கத் தேதிக்கு ஓராண்டு முன்பிருந்தே போடலாம், குறைந்தது 45 நாளாவது இடைவெளி விடுங்கள். முதல் தடவை மூன்று ஆண்டு வரை கிடைக்கும்.

தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, பரிந்துரைக் கடிதம். எல்லாக் கடிதமும் நண்பர்களிடமிருந்து, ஒரே நடையில், ஒரே பாராட்டோடு வந்தால் மதிப்பில்லை. உங்களோடு வேலை செய்யாத போட்டி நடுவர் ஒருவர், எந்த ஆண்டு எந்தப் பிரிவில் உங்கள் வேலையைப் பார்த்தார், அதில் என்ன தனித்தன்மை என்று எழுதினால் அந்த ஒன்று பத்துக்குச் சமம். இரண்டு, தமிழ்ப் பத்திரிகைச் செய்திகள். அவை சான்றாகச் செல்லும். ஆனால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், அது சரியானது என்ற மொழிபெயர்ப்பாளரின் கையொப்பமும் உடன் இருக்க வேண்டும். பத்திரிகையின் பெயர், தேதி தெரியாமல் கத்தரித்த துண்டை அனுப்பாதீர்கள்.

விசா வந்த பிறகும் வேலை பாக்கி. கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு கலைஞரும் தாம் வேலை செய்யும் மாவட்டத்தின் சுகாதாரத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ரத்தவழி நோய்த்தடுப்புப் பயிற்சிச் சான்று, ஹெபடைடிஸ் பி ஊசி போட்ட விவரம் அல்லது மறுப்புப் படிவம், 18 வயது நிறைந்ததற்கு ஆதாரம் வேண்டும். கடைக்கான அனுமதி அதற்குத் தனி. நண்பர் வீட்டுச் சோபாவில் வைத்துக் குத்துவது அனுமதி இல்லாத இடத்தில் குத்துவதுதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு, பெற்றோர் உடன் வந்து கையெழுத்திட்டாலும், கலிஃபோர்னியாவில் குத்தக் கூடாது.

வாசகர், சான் ஹோசே: முன்கையின் வெளிப்பக்கத்தில் 1964 செவர்லே இம்பாலா கார் போட ஆசை. என் நிறம் நல்ல கறுப்பு. கார் என்றால் குரோமியம் மின்ன வேண்டும், கம்பி வீல் தெரிய வேண்டும். என் தோலில் எடுபடுமா?

பதில்: நன்றாக எடுபடும், திட்டம் சரியாக இருந்தால். கறுப்பு–சாம்பல் முறை மாநிறத் தோலில் வளர்ந்த முறைதான்.

முதலில் வீல். இதில்தான் பெரும்பாலான கார் டாட்டூக்கள் சொதப்புகின்றன. 1964 இம்பாலாவின் நீளம் ஏறத்தாழ 210 இன்ச். லோரைடரில் போடும் 13 இன்ச் வீலுக்கு 155/80 டயர் மாட்டினால் மொத்த விட்டம் 23 இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு. முன்கையில் காரைப் பக்கவாட்டில் 16 செ.மீ. நீளத்துக்கு வரைந்தால், ரிம் மட்டும் சுமார் 1 செ.மீ. வரும். அதன் சுற்றளவு 3.1 செ.மீ. நூறு கம்பி வீல் என்றால் விளிம்பில்கூட ஒரு கம்பிக்கு 0.3 மி.மீ. இடம்தான். மூன்று ஊசி லைனர் போடும் ஒரு கோடே அதைவிடத் தடிமன்; ஆண்டுகள் போகப் போக அது இன்னும் அகலும். நூறு கம்பியையும் எண்ணி வரைந்தால், இரண்டு மூன்று வருடத்தில் வீல் ஒரு கறுப்புப் பொட்டாகிவிடும்.

எனவே கம்பியை வரையாதீர்கள், கம்பிகளுக்கு இடையே உள்ள இருட்டை வரையச் சொல்லுங்கள். நடுவிலிருந்து விரியும் பத்துப் பன்னிரண்டு கறுப்பு ஆப்பு வடிவங்கள் போதும். வெளிச்சம் படும் மேல்பாதியில் ஆப்புகள் ஒடுங்கியிருக்கட்டும், கீழ்ப்பாதியில் அகலமாக, ஒன்றோடொன்று கலந்து. வீலை நடுவில் இறுக்கும் மூடியான நாக்-ஆஃப், தாமரை மொட்டு போல ஒரு வெற்றுத் தோல் புள்ளி. மூன்றடி தள்ளி நின்று பார்க்கிற கண், மிச்சக் கம்பிகளைத் தானே எண்ணிக்கொள்ளும். கம்பி ஒவ்வொன்றாகத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் முழுக் காரை விடுங்கள். முன்பக்கச் சக்கரமும் ஃபெண்டரும் மட்டும், சக்கரம் 7–8 செ.மீ. வருமாறு போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது குரோமியம். அதற்கென்று ஒரு நிறம் கிடையாது. மேலே வானம், நடுவில் தொடுவானம், கீழே தரை ஆகியவை வளைந்து தெரியும் கண்ணாடி அது. பம்பரின் மேல் மூன்றில் ஒரு பங்கைத் தோலாக விட்டுவிட வேண்டும். அதையொட்டி, கத்தி வெட்டினாற்போல், முழுக் கறுப்பில் தொடுவானக் கோடு. அதற்குக் கீழே சாம்பல், விளிம்பை நோக்கி வெளுக்க வேண்டும். வெற்றுத் தோலும் முழுக் கறுப்பும் இடையில் சாம்பல் இல்லாமல் நேருக்கு நேர் சந்திக்கும் இடத்தில்தான் மின்னல் வரும். ‘வெள்ளை மையால் ஹைலைட் போட்டுத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மை தோலின் மேலடுக்குக்குக் கீழே இருக்கிறது. மெலனின் அதற்கு மேலே கண்ணாடித் தாள் மாதிரி விரிந்திருக்கிறது. ஆறியபின் வெள்ளை மஞ்சளித்துத் தழும்பு மாதிரி நிற்கும்.

இதே காரணத்தால் மிக வெளிறிய சாம்பலும் உங்கள் தோலில் காணாமல் போகும். ஐந்து படி நிழல் வேண்டாம், மூன்று போதும். வழக்கமாக 20 சொட்டு கிருமி நீக்கிய நீருக்கு 2, 6, 12 சொட்டுக் கறுப்பு என்று மூன்று குப்பியில் கலப்பவரிடம், உங்களுக்கு 4, 8, 14 என்று கலக்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீரில் கரைக்கிறாரா என்பதையும் பாருங்கள். கரைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

படத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாளான ஸ்டென்சிலை ஒட்டும்போது கையை மேசையில் திருப்பி வைத்து ஒட்டக் கூடாது. நின்று, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு ஒட்ட வேண்டும். முன்கை எலும்புகள் சுழலும்போது தோலும் கூடச் சுழலும், இம்பாலாவின் நீண்ட இடுப்புக் கோடு வாழைப்பழம் போல வளைந்துவிடும். ஒட்டிய பின் 10–15 நிமிடம் காயவிட வேண்டும். ஊசி தோலுக்குள் ஒன்று முதல் இரண்டு மி.மீ. வரைதான் இறங்க வேண்டும். அதைத் தாண்டிக் கொழுப்பு அடுக்கைத் தொட்டால் மை பரவிக் கோட்டைச் சுற்றி நீலப் புகை மாதிரி நிற்கும். மணிக்கட்டுக்கும் முழங்கை மடிப்புக்கும் பக்கத்தில் தோல் மெல்லிசு, அங்கேதான் இது அதிகம் நடக்கும்.

பின்விளக்குகளைச் சிவப்பாக்க ஆசை வரும், இம்பாலாவுக்கு அழகே பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் அந்த ஆறு விளக்குகள்தான். ஆனால் டாட்டூ மைகளில் ஒவ்வாமை அதிகம் கிளப்புவது சிவப்பு. உள்ளே தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைத்து, சில வாரம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். உங்களுக்கோ குடும்பத்தாருக்கோ புடைத்து வளரும் கீலாய்டுத் தழும்பு வரும் வழக்கம் இருந்தால், கார் டாட்டூவை விட்டுவிட்டு முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வாசகர், அனஹைம் (யாழ்ப்பாணத்திலிருந்து வந்து டாட்டூ தொழில் செய்பவர்): கார்களுக்குப் பின்ஸ்ட்ரைப், அதாவது தூரிகையால் மெல்லிய அலங்காரக் கோடு, போடக் கற்க விரும்புகிறேன். நேர்க்கோடு எனக்குக் கைவந்தது. ஆனாலும் தகரத்தில் கோடு நடுங்குகிறது, நடுவில் அறுந்துபோகிறது. என்ன பிழை?

பதில்: டாட்டூக்காரர்கள் எல்லோருக்கும் முதலில் நடப்பது இது. ஊசிக் கோட்டில் விரலும் மணிக்கட்டும் வேலை செய்யும், இன்னொரு கை தோலை இழுத்துப் பிடிக்கும். பின்ஸ்ட்ரைப்பில் விரல் அசையவே கூடாது. தோளும் இடுப்பும் காலும்தான் நகர வேண்டும். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தூரிகையைப் பிடித்து, மற்ற விரல்களைத் தகரத்தின் விளிம்பில் சறுக்கவிட்டு, கோட்டை உங்களை நோக்கி இழுத்துக்கொண்டே பின்னால் நடங்கள். வளைவில் மட்டும் தூரிகைக் காம்பை விரல்களுக்கு இடையே உருட்டுங்கள்.

இதற்குரிய தூரிகை வாள் போன்றது: அணில் முடி, சுமார் இரண்டு இன்ச் நீளம், குட்டைக் காம்பு. இரட்டைப் பூஜ்ய அளவில் தொடங்குங்கள். மேக் நிறுவனத்தின் தூரிகையைத்தான் தொழிலில் பெரும்பாலோர் வைத்திருக்கிறார்கள். பெயின்ட் என்றால் ‘ஒன் ஷாட்’ எழுத்து எனாமல். கார் டச்-அப் பெயின்ட் சீக்கிரம் உலர்ந்துவிடும், கோடு பாதியில் நின்றுவிடும்.

கோடு அறுவதற்குக் காரணம் தூரிகையில் பெயின்ட் ஏற்றும் விதம். நுனியை மட்டும் தோய்த்தால் ஒரு சாண் போகும் முன் தீர்ந்துவிடும். முடியின் அடிவயிறு வரை தோய்த்து, வழவழப்பான பழைய பத்திரிகைத் தாளில் முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து தடவை தட்டையாக இழுங்கள். முடிக்குள்ளே பெயின்ட் சீராகப் பரவும், நுனி கத்தி முனை போல் தட்டையாகும். இழுக்கும்போது தூரிகை தாளில் லேசாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் தண்ணியாகிவிட்டது, இன்னும் கொஞ்சம் பெயின்ட் எடுங்கள். வறவறவென்று இழுத்தால் கெட்டி, தின்னரில் நுனியைத் தொட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை தோய்க்கும்போதும் இதைச் செய்ய வேண்டும். இதில் பத்து வினாடி மிச்சம் பிடிக்கப் போய்த்தான் கோடு கெடுகிறது.

கோட்டின் அகலம் அழுத்தத்தைப் பொறுத்தது. ஊசிக்காரர்களின் கை, அறியாமலே கீழே அழுத்தும். முடியின் கடைசிக் கால் இன்ச் மட்டும் தகரத்தைத் தொட்டால் தலைமுடிக் கோடு வரும்.

காரில் கை வைக்கும் முன் தகரத்தை மெழுகு–எண்ணெய் நீக்கும் திரவத்தால் துடையுங்கள், ஒரு துணியில் தடவி, வேறு துணியில் துடைக்க வேண்டும். பாலிஷில் இருக்கும் சிலிக்கோன் மிச்சமிருந்தால் பெயின்ட் மீன்கண் மாதிரி விலகி ஓடும். பழகுவதற்கு ஜன்னல் கண்ணாடி உகந்தது. பின்பக்கம் கட்டத்தாளை ஒட்டி, முன்பக்கம் இழுத்துப் பழகி, துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். இந்த வேலையில் உங்களுக்குப் பெரிய ஆறுதல் ஒன்று உண்டு: பிழையான கோட்டைச் சில நிமிடத்துக்குள் மினரல் ஸ்பிரிட் துணியால் துடைத்துவிடலாம். தோலில் கிடைக்காத வாய்ப்பு இது. தயங்காமல் துடையுங்கள்.

முடிந்ததும் தூரிகையை மினரல் ஸ்பிரிட்டில் அலசி, எண்ணெயில் தோய்த்து, முடியை வாள் வடிவில் நீவி, தட்டையாகப் படுக்க வையுங்கள். டப்பாவில் நிற்க வைத்த தூரிகை வளைந்துவிடும், பிறகு எந்தக் கையாலும் அதை நிமிர்த்த முடியாது. கோட்டுக்கு மேல் கிளியர் என்ற நிறமில்லாத மேல்பூச்சு அடிக்கப் போகிறீர்கள் என்றால், எனாமலில் முன்பே அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்தாக வேண்டும். இல்லையென்றால் கிளியர் பட்டதும் கோடு சுருங்கிப் பொரிந்துவிடும்.

டாட்டூ கற்கும் வாசகி, ஓக்லண்ட்: வாடிக்கையாளர் ஒருவர் சிலந்தி வலையோடு 13 என்ற எண்ணையும் கேட்கிறார். லோரைடர் படங்களில் பார்த்தாராம். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கலிஃபோர்னியாவில் 13 தென்பகுதிக் கும்பல்களின் எண், 14 வடபகுதிக் கும்பல்களின் எண். நீலம், சிவப்பு என்ற நிறங்களும் அப்படியே. கண்ணீர்த் துளி, கைவிரல் இடுக்கில் மூன்று புள்ளி இவற்றுக்கும் பின்னணி உண்டு. எதுவும் தெரியாமல் போட்டுக்கொண்டவர் பெட்ரோல் பங்கில் நிற்கும்போது யாரும் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த கலைஞருக்கு இது தெரியாது என்று வாடிக்கையாளரும் நினைக்கமாட்டார், போட்டவர் என்ற பெயர் உங்களுக்குத்தான். அவருக்குப் பிடித்த காரின் ஆண்டை, 64 என்றோ 58 என்றோ, பழைய ஆங்கில எழுத்து வடிவில் போட்டுக் கொடுங்கள். சிரிக்கும்–அழும் இரட்டை முகமூடியும் எல்லோருக்கும் பொதுவானது. கார் கிளப்பின் பெயரையோ பின்கண்ணாடியில் வைக்கும் அதன் உலோகத் தகட்டின் வடிவத்தையோ உறுப்பினர் அல்லாதவருக்குப் போடக் கூடாது. குவாதலூப்பே மாதாவைக் கேட்டால் கணுக்காலில் வேண்டாம், நெஞ்சிலோ முதுகிலோ மேல்கையிலோ என்று நீங்களே சொல்லிவிடுங்கள். சாமி படத்தைக் காலில் போட நம் வீட்டில் ஒப்புவார்களா?

ஒரு அம்மா, மதுரை: என் மகன் லாஸ் ஏஞ்சலஸில் டாட்டூ கடையில் வேலை பார்க்கிறான். சேர்த்த பணத்தில் 1964 இம்பாலா எஸ்எஸ் வாங்கப் போகிறானாம். அறுபது வருடப் பழைய வண்டியில் ஏமாந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அம்மா, அந்தக் காரில் பணம் போடுவது தப்பில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்தப் பதிலைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

எஸ்எஸ் என்பது இம்பாலாவின் ஸ்போர்ட் வகை. அப்படிச் சொன்னாலே விலை ஏறும், அதனால் சாதாரண இம்பாலாவில் எஸ்எஸ் சின்னத்தை ஒட்டி விற்பது அதிகம். 1964-ல் எஸ்எஸ்ஸுக்குத் தனி வரிசை எண் இருந்தது. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள தகட்டில் எண் 414 என்று தொடங்கினால் வி8 எஸ்எஸ், 418 என்றால் வி8 சாதாரண இம்பாலா. இரண்டு கதவு கூபே என்றால் 41447, 41847 என்று வரும். தகட்டு ரிவெட்டுகளில் கீறல் இருந்தாலும், எண் உரிமைப் பத்திரத்தோடு பொருந்தாவிட்டாலும் திரும்பி வந்துவிட வேண்டும்.

துரு அடுத்தது. டிக்கியின் தரை, பின் ஃபெண்டரின் கீழ்ப்பகுதி, காலடித் தகடு, பாடி சேசிஸில் உட்காரும் இடங்கள். மெல்லிய காகிதத்தில் சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, பட்டிதான். இந்தக் காரின் சேசிஸ் எக்ஸ் வடிவம், பக்கவாட்டுச் சட்டம் கிடையாது. முன்பு ஹைட்ராலிக்ஸ் போட்டுக் குதிக்கவிட்ட காரென்றால், எக்ஸின் நடுப்பகுதியிலும் பின்கைகளிலும் வெடிப்பு இருக்கும். அதன் மேல் புதிய கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் அவர் பிடிவாதமாக இருக்கட்டும். 1964-ல் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்காவது ஒரு குழாயில் கசிந்தால் நான்கு சக்கர பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். இரண்டு அறை உள்ளதாக மாற்றுவதுதான் காரை வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பெயின்ட் அதற்குப் பிறகு. முன்பக்கம் டிஸ்க் பிரேக் போடுவதென்றால், அந்தக் கிட் 13 இன்ச் வீலுக்குள் அடங்குமா என்று கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். பல கிட்கள் அடங்காது. கம்பி வீலைக் காரோடு இணைக்கும் அடாப்டர்கள் இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் எதிரெதிர் மரை கொண்டவை. மாற்றி மாட்டினால் ஓட ஓடத் தளர்ந்து வீல் கழன்றுவிடும். புதிதாக மாட்டிய பின் ஐம்பது மைலுக்குள் மறுபடி இறுக்கிப் பார்ப்பதும் கட்டாயம். நல்ல செய்தி ஒன்று: 1975 வரையிலான பெட்ரோல் கார்களுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கிடையாது.

வாசகர், லாங் பீச்: ஹைட்ராலிக்ஸா, ஏர் பேகா? குதிக்கவிட வேண்டாம். இறக்கி நிறுத்தினால் போதும்.

பதில்: இறக்கி நிறுத்த மட்டும் என்றால், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காரைத் தாங்கும் காற்றுப் பையான ஏர் பேக் போதும், சொகுசாகவும் ஓடும். அந்தத் தெருவின் சத்தமும் வேகமும் வேண்டும் என்றால் ஹைட்ராலிக்ஸ்தான். நாங்கள் அதன் பக்கம். ஏற்றி இறக்க இரண்டு பம்பும் நான்கு 12 வோல்ட் பேட்டரியும் தொடரில் இணைத்து 48 வோல்ட் போதுமானது. கெடுவது பெரும்பாலும் பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் சொலினாய்டில். உள்ளே தொடுமுனை உருகி ஒட்டிக்கொண்டால், சுவிட்சிலிருந்து கை எடுத்த பின்னும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், வயர் பற்றிக்கொள்ளும். அதனால் எர்த் கேபிளில் ஒரு துண்டிப்பான், டிக்கியைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில். சார்ஜ் ஏறும்போது பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும், டிக்கியை மூடி வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. பின்புறம் மிக உயர்த்தினால் அச்சு இடம் மாறி இரண்டு துண்டு புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயின்ட் முறுக்கிக்கொள்ளும். உயர்த்தியபடி நெடுஞ்சாலையில் ஓட்ட வேண்டாம்.

வாசகர், டொரன்டோ: கேண்டி சிவப்பு அடித்தேன், இருட்டும் வெளுப்புமாகப் புலிக்கோடு விழுகிறது.

பதில்: ஒளி ஊடுருவும் பெயின்ட் என்பதால் ஒரு இடத்தில் இரண்டு தடவை விழுந்தால் அங்கே இருட்டு. பாதிக்குப் பாதி மேற்படிந்தால் போதாது, முக்கால் பங்கு மேற்படியட்டும். துப்பாக்கியைத் தகரத்திலிருந்து 6–8 இன்ச்சில், ஒரே வேகத்தில், வளைக்காமல் கொண்டுபோங்கள். கதவு, ஃபெண்டர், பானெட் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு; ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் ஆறு என்றால் வெயிலில் இரண்டு வேறு காராகத் தெரியும். புலிக்கோட்டை மேலே அடித்து மறைக்க முடியாது, அடிப்பூச்சிலிருந்து தொடங்க வேண்டும். மேலே போடும், ஹார்டனர் கலந்த 2கே கிளியரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. துணி முகமூடியோடு அடித்தால் நிரந்தர ஆஸ்துமா வரலாம். வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம் இல்லாமல் அடிக்காதீர்கள்.

வாசகர், ஃப்ரெஸ்னோ: சனிக்கிழமை டாட்டூ, ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் வேலை. பரவாயில்லையா?

பதில்: கூடாது. பழைய என்ஜின் ஆயில், பிரேக் ஆயில், தின்னர் எல்லாம் திறந்த காயத்துக்குள் போகும். டாட்டூவின் மேல் ஒட்டும் ஃபிலிமை முதல் நாள் மாற்றி, இரண்டாவதை நான்கைந்து நாள் வைத்திருங்கள். ஓரத்தில் நீர் கசிந்தால் உடனே எடுத்துக் கழுவிவிட வேண்டும். தோல் உரிந்து, பளபளப்பு அடங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை தவிர்க்கவே முடியாத வேலை என்றால் முழுக்கைப் பருத்திச் சட்டையும் நீண்ட நைட்ரைல் உறையும் போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங்கைத் தொடவே வேண்டாம். அந்த ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் புதுத் தோலை வெயிலைவிட வேகமாகச் சுடும், மை திட்டுத்திட்டாகக் கழியும். டாட்டூவை வெள்ளி மாலைக்கு மாற்றினாலும் கணக்கு ஒன்றுதான், ஆகவே கார் வேலையை முதலில் முடித்துவிட்டு டாட்டூவுக்கு நாள் குறியுங்கள்.